வலி ஊசி போடும்போது மாட்டிலும் குதிரையிலும் நடக்கும் தப்புகள்

மாடு நொண்டினாலும் பத்து மில்லி, குதிரை வயிற்றுவலியில் புரண்டாலும் பத்து மில்லி. எடையும் பார்ப்பதில்லை, புட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பார்ப்பதில்லை. மலேசியாவில் செபராங் பிறை மாட்டுக் கொட்டகையாகட்டும், சுங்கை பீசி குதிரை லாயமாகட்டும், வலி ஊசியால் வரும் வில்லங்கம் முக்கால்வாசி இந்தக் கண்மூடிப் பத்து மில்லியில்தான் ஆரம்பிக்கிறது.

330 கிலோ மாட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள கெட்டோப்ரோஃபென் என்ற வலி மருந்தென்றால், கிலோவுக்கு 3 மில்லிகிராம் கணக்கில் 10 மில்லி சரி. 50 மில்லிகிராம் ஃப்ளூனிக்சின் என்றால், கிலோவுக்கு 2.2 வீதம் 14.5 மில்லி வேண்டும். 20 மில்லிகிராம் மெலோக்சிகாம் என்றால், கிலோவுக்கு 0.5 வீதம் எட்டேகால் மில்லி போதும். குதிரைக்கு ஃப்ளூனிக்சின் அளவு பாதிதான், கிலோவுக்கு 1.1. ஆகவே 450 கிலோ குதிரைக்குப் பத்து மில்லியோடு நிறுத்த வேண்டும். மாட்டுக் கணக்கில் போட்டால் இரட்டிப்பு அளவு உள்ளே போய்விடும். எந்த மருந்து, எவ்வளவு என்று முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர்தான்; இந்தக் கணக்கு அவர் எழுதித் தந்ததைச் சரிபார்க்க மட்டும்.

தராசு இல்லையென்றால் தையல் நாடா இருக்கிறது. முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு அளவு, தோள்முனையிலிருந்து பின்தொடை எலும்பு முனை வரை ஒரு அளவு, இரண்டும் சென்டிமீட்டரில். நெஞ்சளவை அதே எண்ணால் பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்கி, மாடானால் 10,840 ஆல், குதிரையானால் 11,900 ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிடைக்கும். நெஞ்சு 160, நீளம் 140 உள்ள மாடு 330 கிலோ. கண்ணால் மதிப்பிடுபவர்கள் வயிறு பெருத்த சினை மாட்டை எப்போதும் கூட்டித்தான் சொல்வார்கள்.

மெலோக்சிகாமில் ஒரு பொறி உண்டு. மில்லிக்கு 5 மில்லிகிராம் என்றும் வருகிறது, 20 மில்லிகிராம் என்றும் வருகிறது. 30 கிலோ ஆட்டுக்குத் தேவை 15 மில்லிகிராம், அதாவது 5 மில்லிகிராம் புட்டியில் 3 மில்லி, 20 மில்லிகிராம் புட்டியில் முக்கால் மில்லி. புட்டி மாறி 3 மில்லி போனால் ஆட்டுக்கு நான்கு மடங்கு மருந்து. ஆட்டுக்குப் போடும்போது 20 மில்லி சிரிஞ்சைத் தூக்காதீர்கள். ஒரு மில்லி சிரிஞ்சில்தான் முக்கால் மில்லியை ஒழுங்காக அளக்க முடியும்.

அடுத்தது, எங்கே குத்துவது. ஃப்ளூனிக்சினைக் குதிரைக்குச் சதையில் போட்டால் வலிக்கும், வீங்கும் என்பதோடு முடியாது. குத்திய இடத்தில் குளோஸ்ட்ரிடியம் கிருமி வளர்ந்து சதை அழுகி, குதிரையே போயிருக்கிறது. குத்திய இடம் வீங்கி, அழுத்தினால் நறநறவென்று காற்று ஓடுவது விரலில் தெரிந்தால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. மாட்டுக்கும் இது நரம்பு ஊசிதான், அதாவது கழுத்துச் சிரையில் (இரத்தக்குழாயில்) போடுவது. சதையில் போட்டால் சதை கெடும், இறைச்சியில் மருந்தும் நாள்கணக்கில் தங்கும். லாயத்தில் பியூட் என்று சொல்லும் ஃபினைல்பியூட்டசோனும் நரம்புக்கு வெளியே கசிந்தால் தோல் உரிந்து புண்ணாகும். அதைப் பால்மாட்டின் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

நரம்பிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. கழுத்தின் கீழ்ப்பகுதியில் தமனி (இதயத்திலிருந்து இரத்தம் பாயும் குழாய்) நரம்பை ஒட்டி ஓடுவதால், குத்தினால் மேல் மூன்றில் ஒரு பங்குக்குள் குத்த வேண்டும். ஊசியை மட்டும் முதலில் இறக்கிப் பாருங்கள். கருஞ்சிவப்பாக மெதுவாகச் சொட்டினால் நரம்பு. பளிச்சென்ற சிவப்பில் துடித்துத் துடித்துப் பீறிட்டால் அது தமனி. உடனே எடுத்துவிட்டு அழுத்திப் பிடிக்க வேண்டும். தமனியில் மருந்து ஏறினால் நேரே மூளைக்குப் போகும். குதிரை நின்ற நிலையிலேயே வெட்டி இழுத்து விழும். பக்கத்தில் நிற்கும் சைஸுக்கும் (குதிரையைப் பார்த்துக்கொள்பவர்) அது உயிராபத்து.

இவ்வளவும் சரியாகச் செய்தும் கெடுவது தண்ணீர் விஷயத்தில். வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் அதே புரோஸ்டாகிளாண்டின் என்ற உடல் சுரப்புதான் வயிற்றுச் சுவரைக் காப்பதும், உடலில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்கு இரத்தம் போகவைப்பதும். ஊசி அதை அடக்கிவிடும். நம் ஊர் வெயிலில் வேர்த்து ஓடிய குதிரைக்கும், கழிச்சலில் காய்ந்துபோன கன்றுக்கும் முதலில் நீர், பிறகுதான் ஊசி. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டுப் பாருங்கள். இரண்டு விநாடிக்கு மேல் கூடாரம்போல் நின்றால் உடம்பில் நீர் வற்றிவிட்டது.

கோலிக் என்னும் குதிரை வயிற்றுவலியில் ஃப்ளூனிக்சின் போட்டதும் படுத்துப் புரள்வது நிற்கும். அறுவை தேவைப்படும் குடல் முறுக்கு ஊசியால் அவிழாது. அறிகுறி மட்டும் மறைந்துபோய், டாக்டர் வரும்போது குதிரை அமைதியாக நிற்கும். எத்தனை மணிக்கு எது போட்டீர்கள் என்று சுவரில் சாக்கட்டியால் எழுதி வையுங்கள். 12 மணி நேரத்துக்குள் மறுபடி வலி திரும்பினால் இன்னொரு ஊசி வேண்டாம், டாக்டர் வேண்டும். மடிவீக்கத்திலும் இதே கதை. காய்ச்சல் இறங்கியதைப் பார்த்து ஆன்டிபயாடிக்கைப் பாதியில் விட்டால் மடியே போகும்.

ஒன்று கேட்கவில்லை என்று இன்னொன்றை ஏற்றுவது நேராகக் குடல் புண்ணுக்கு வழி. டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டும் அதில் சேர்த்தி. ஃப்ளோர்ஃபெனிகோல் என்ற ஆன்டிபயாடிக் புட்டி சிலவற்றில் ஃப்ளூனிக்சின் கலந்தே வருகிறது; அதைப் படிக்காமல் தனியாகவும் போடுபவர்கள் உண்டு. மாட்டில் மெலோக்சிகாம் ஒரு நாளுக்கு மேல் நிற்கும், ஆகவே அது ஒரே ஊசிதான். கொம்பு சுடுவதும் காயடிப்பதும் முடிந்து கன்று கத்திய பிறகு போடுவதில் பாதிப் பயன் போய்விடுகிறது. வேலை தொடங்கும் முன்பே போட்டிருக்க வேண்டும். ஈனும் தருவாயில், கடைசி 48 மணி நேரத்தில், ஃப்ளூனிக்சின் கூடாது. நஞ்சுக்கொடி தங்கும் ஆபத்து கூடுகிறது.

ஊரிலிருந்து வருபவர்கள் கொண்டுவரும் டைக்ளோஃபெனாக் புட்டியைத் தொடவே வேண்டாம். செத்த மாட்டைத் தின்ற கழுகுகள் கூட்டமாக அழிந்ததால், இந்தியாவிலேயே 2006இல் அதைக் கால்நடைக்குத் தடை செய்துவிட்டார்கள்.

திறந்த தேதியைப் புட்டியில் எழுதுங்கள். மெலோக்சிகாமுக்கு 28 நாள்தான் ஆயுள். மோட்டார் சைக்கிள் பெட்டியில் வெயிலில் வைக்காதீர்கள்.

கடைசியாகப் பால், இறைச்சி. ஐரோப்பிய லேபிளில் மாட்டுக்கு மெலோக்சிகாம் போட்டால் பால் 5 நாள், இறைச்சி 15 நாள் விற்கக் கூடாது. அமெரிக்க லேபிளில் நரம்பில் போடும் ஃப்ளூனிக்சினுக்குப் பால் 36 மணி நேரம், இறைச்சி 4 நாள். உங்கள் கையிலிருக்கும் புட்டியில் அச்சிட்டதே உங்களுக்குக் கணக்கு. ஆட்டுக்குப் பல புட்டிகளில் நாளே போட்டிருக்காது. தீபாவளிக்கு வெட்ட வைத்திருக்கும் கிடாவுக்கு ஊசி போடும் அன்றே, எந்தத் தேதிக்குப் பிறகு வெட்டலாம் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.