பெங்களூர்ல கம்ப்யூட்டர் சாமான் கடைங்க இருக்குற எஸ்பி ரோட்ல ரேம் வாங்கப் போறீங்களா?

விலை இறங்குதுன்னு கேள்விப்பட்டா உடனே கெளம்பிடாதீங்க, முதல்ல உங்க மெஷின்ல என்ன போகும்னு பாருங்க. விண்டோஸ் டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ், அதுல மெமரி போனா ரேம் மாட்டுற ஸ்லாட் மொத்தம் எத்தன, எத்தன யூஸ்ல இருக்குன்னு காட்டும். ரேம்ல டிடிஆர்4, டிடிஆர்5னு தலைமுறை இருக்கு, டெஸ்க்டாப்ல ரெண்டுக்குமே 288 பின் தான், ஆனா நடுவுல இருக்குற வெட்டு வேற வேற இடம், அமுக்கி நுழைக்கப் பாத்தா ஸ்லாட்டு போயிரும். லேப்டாப்னா சோடிம்னு கேக்கணும், அது சின்ன சைஸ் ரேம் ஸ்டிக். சில மெல்லிசு மாடல்ல போர்டுலயே சால்டர் பண்ணிருப்பாங்க, அதுல மாத்தவே முடியாது.

இப்ப பெங்களூர் மக்களுக்கு. விலை இறங்குற நேரத்துல கடைக்காரர் கையில இருக்குறது பழைய ரேட்டுக்கு எடுத்த ஸ்டாக், அத அதே விலைக்குத் தள்ளத்தான் பாப்பாங்க, அதனால அன்னைக்கு ஆன்லைன் விலைய ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கிட்டு நாலு கடை ஏறி இறங்குங்க, "பில்லோட ஃபைனல் எவ்ளோண்ணா"ன்னு மட்டும் கேளுங்க. பில் வேணாம்னா கொறச்சுத் தரேன்னு சொன்னா தயவுசெஞ்சு ஒத்துக்காதீங்க, நாளைக்கு வாரண்டிக்கு அந்தப் பேப்பர்தான் பேசும். ஸ்டிக்ல ஒட்டிருக்குற சீரியல் நம்பர் பில்லுல ஏறுச்சான்னு அங்கயே பாருங்க. தங்கக் கலர் பின்ல கோடு கோடா தேய்ஞ்சிருந்தா ஏற்கனவே எங்கயோ மாட்டிக் கழட்டுனதா இருக்கலாம்.

இன்னும் இறங்கும்னு தோணுச்சுன்னா இப்ப ஒரு 16 ஜிபி மட்டும் போட்டு ஒரு ஸ்லாட்ட காலியா விடுங்க. ரெண்டு ஸ்டிக் சேந்து வேலை செய்யுற டூயல் சேனல் வேகம் கெடைக்காதுதான், ஆனா ஆபீஸ் வேலைக்குத் தாராளம். கேமுக்குன்னா ரெண்டு 8 ஜிபி வாங்குங்க. வீட்டுக்கு வந்த அன்னைக்கே ரேம செக் பண்ற மெம்டெஸ்ட்86 சாஃப்ட்வேர் ராத்திரி முழுக்க ஓடட்டும், ஒரே ஒரு எரர் வந்தாலும் காலைல கொண்டுபோய் மாத்திருங்க.