மூன்று குஷன் பில்லியர்ட்ஸில் புரொஃபஷனல் ஆக நினைக்கிறீர்களா?

கேரம் பில்லியர்ட்ஸ் என்றதும் பவுடர் தூவின கேரம் போர்டு ஞாபகம் வந்தால், அது வேறு ஆட்டம். இதில் 10க்கு 5 அடி மேஜை, குழியே கிடையாது, பந்தும் மூன்றுதான். இதை வைத்துப் பிழைக்க வேண்டுமென்றால் ஆட வேண்டியது மூன்று குஷன் ஆட்டம்: உங்கள் பந்து மற்ற இரண்டையும் தொட வேண்டும், இரண்டாவதைத் தொடுவதற்குள் குறைந்தது மூன்று முறை குஷனில் (மேஜையின் ரப்பர் விளிம்பில்) பட்டிருக்க வேண்டும், அப்போதுதான் ஒரு பாயிண்ட்.

முதலில் இடம். நம்மூர் கிளப்புகளில் பெரும்பாலும் குழி வைத்த மேஜைதான், அதில் பழகிய கண்ணுக்கு இங்கே பாதிதான் உதவும். கொரியா, வியட்நாம், துருக்கி, பெல்ஜியம் மாதிரி நாடுகளில்தான் இந்த ஆட்டம் உயிரோடு இருக்கிறது. கம்போடியாவின் ஸ்ரோங் பியாவி 2010-இல் கல்யாணமாகி கொரியா போனவர், மறு வருஷம் கணவர் பில்லியர்ட்ஸ் ஹாலுக்குக் கூட்டிப் போனபோதுதான் முதன்முதலாக க்யூவை (ஆடும் கோலை) பிடித்தார், பின்னால் அங்கேயே பெண்கள் புரொஃபஷனல் டூரில் சாம்பியன் ஆனார். லேட்டாக ஆரம்பித்துவிட்டோமே என்று புலம்புகிறவர்களுக்கு நான் சொல்லும் பெயர் அவருடையதுதான்.

அப்புறம் கணக்கு. மேஜை விளிம்பில் இருக்கும் டைமண்ட் புள்ளிகளுக்கு எண் கொடுத்து ஆடுவார்கள். புறப்படும் இடம் 50, மூன்றாவது குஷனில் போய்ச் சேர வேண்டியது 30 என்றால், முதல் குஷனில் 20-ஐப் பார்த்து அடிக்க வேண்டும். கழித்தல் ஒரு வாரத்தில் வந்துவிடும். புதுத் துணியில் பந்து வழுக்கிக் கொண்டு நீளமாகப் போகும், ஈரம் ஏறினால் போக்கு மாறும் (அதனால்தான் மேஜைக்கு அடியிலேயே சூடு வைக்கிறார்கள்), அந்தத் திருத்தம் கைக்கு வர வருஷக்கணக்காகும்.

வேலையை விடுவதற்கு முன்னால் உங்கள் ஆவரேஜைப் பாருங்கள், அதாவது எடுத்த பாயிண்டை இன்னிங்ஸால் (மேஜைக்கு ஆட வந்த முறைகளின் எண்ணிக்கையால்) வகுத்தால் வருவது. ஒரு நல்ல நாள் கணக்கை வைத்து ஏமாறாமல், ஒரு நோட்டில் ஐம்பது மேட்ச்சாவது எழுதிப் பாருங்கள். 1-ஐத் தாண்டினாலே கிளப்பில் மரியாதைதான், ஆனால் பலமுறை உலக சாம்பியனான நெதர்லாந்தின் டிக் யாஸ்பர்ஸ் மாதிரி ஆட்கள் 2-ஐ ஒட்டியோ அதற்கு மேலேயோ ஆடுகிறார்கள்.

யுஎம்பி (உலக பில்லியர்ட்ஸ் சங்கம்) நடத்தும் உலகக் கோப்பைகளில் தரவரிசையின் முதல் 14 பேர் நேராக மெயின் டிராவுக்குப் போவார்கள், மற்றவர்கள் தகுதிச் சுற்றுகளில் ஏறி வர வேண்டும், புதியவருக்கு விமான டிக்கெட்டும் ஓட்டலும் பெரும்பாலும் சொந்தக் காசு. கொரியாவின் பிபிஏ என்ற தனி புரொஃபஷனல் டூர் 2019-இல் தொடங்கியது. ஆண்கள் டூரில் ஒரு கோப்பை ஜெயித்தால் 10 கோடி வோன், கம்பெனிகள் நடத்தும் அணிகளும் உண்டு. பணம் அங்கேதான். ஆனால் அங்கே போனவர்கள் யுஎம்பி போட்டிகளில் ஆட முடியாமல் வெளியே நின்றதும் நடந்திருக்கிறது, அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்கள் நாட்டுச் சங்கத்திடம் அன்றைய விதியை எழுத்தில் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள்.