கோர்னெட்டைட்: கட்டாங்காவின் நீலக் கனிமத்தை வாங்குவோர் செய்யும் தவறுகள்

பெயரிலேயே ஒரு வழுக்கல் இருக்கிறது. 'கார்னெட்டைட்' என்று எழுதினால், நம் தென்கடற்கரை மணலில் கிடைக்கும் சிவப்புக் கார்னெட்டின் உறவு என்று நினைத்துவிடுவார்கள். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1891 முதல் 1893 வரை ஒரு பயணக் குழுவோடு சென்று, இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசின் தென்கிழக்கில் இருக்கும் கட்டாங்காவின் நிலவியலை ஆராய்ந்த பெல்ஜியர் ஜூல் கோர்னேயின் பெயரைத் தாங்கியது இது. ஆகவே கோர்னெட்டைட் என்றே எழுதுவோம்.

இது செம்பின் பாஸ்பேட். கட்டாங்காவில் லுபும்பாஷி நகருக்கு அருகே உள்ள எத்துவால் சுரங்கத்தில்தான் முதலில் அடையாளம் காணப்பட்டது. எல்லைக்கு அப்பால், சாம்பியாவின் புவானா முகுப்வாவிலும் கிடைத்திருக்கிறது. ஆழ்ந்த நீலத்திலிருந்து மயில்கழுத்து நிறம் வரை போகும். படிகங்கள் பெரும்பாலும் கடுகைவிடச் சிறியவை. கல்லின் மேல் நீலச் சர்க்கரையைத் தூவியதுபோல் படிந்திருக்கும். உள்ளங்கை அகலத்துக்குப் பளபளவென்று மெருகேற்றிய நீலக் கல்லைக் காட்டி யாராவது இந்தப் பெயரைச் சொன்னால், பணப்பையைத் திறக்காமல் இருப்பது நல்லது.

பெரிய தவறு, நிறத்தை வைத்துப் பெயர் சூட்டுவது. அசுரைட், ஷட்டுக்கைட், பிளான்ஷைட், கிரிசொகொல்லா என்று செம்பு தரும் நீலங்கள் பல. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும், பாதிக் குழப்பம் தீரும். கோர்னெட்டைட் படிகம் குட்டையானது, முகங்கள் சற்று வளைந்து உருண்டிருக்கும். நல்ல அசுரைட் படிகத்தின் விளிம்புகள் கூர்மையானவை. ஷட்டுக்கைட் பெரும்பாலும் நார்நாராகப் பட்டுநூல் போலத் தெரியும்.

அடுத்தது அமிலச் சோதனை. அசுரைட் கார்பனேட் என்பதால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டால் நுரைக்கும். கோர்னெட்டைட் பாஸ்பேட் என்பதால் நுரைக்காமல் கரையும். புத்தகத்தில் இவ்வளவுதான். நானும் இதை நம்பி ஒரு துண்டின் மேல் ஒரு சொட்டு விட்டேன். நுரைத்தது. 'அசுரைட்' என்று சீட்டில் எழுதி, ஒரு வருடம் பெட்டியில் போட்டுவிட்டேன். பிறகு லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் நீலத்துக்கு அடியில் மாலக்கைட்டின் மெல்லிய பச்சைப் படலம் தெரிந்தது. அதுவும் கார்பனேட். நுரைத்தது அடித்தளம், பழி நீலத்தின் மேல் விழுந்தது. கட்டாங்காச் செம்புத் தாதுவோடு டோலமைட் பாறையும் சேர்ந்தே வரும்; அதன் தூளும் நுரைக்கும். சோதிக்கத்தான் வேண்டுமென்றால் ஊசி முனையால் ஒரு நீலத் துகளை மட்டும் பெயர்த்தெடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, லென்ஸ் வழியே பாருங்கள். முழுக் கல்லின் மேல் அமிலம் விட்டால் விடை கிடைப்பதற்குள் படிகத்தின் பளபளப்பு போய்விடும்.

செம்புக் குடத்தைப் புளி போட்டுத் துலக்குகிற கை நமக்கு. அந்தப் பழக்கத்தில் இதையும் புளியிலோ வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறவைத்துவிடாதீர்கள். குடத்தில் போவது களிம்பு. இங்கே போவது கனிமமே. மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். 'செம்புதானே, உடம்புக்கு நல்லது' என்று குடிநீரில் போடுவது அதைவிட மோசம்.

மயில்துத்தக் கரைசலில் வளர்த்த நீலப் படிகங்களை ஆப்பிரிக்கக் கனிமம் என்று விற்பவர்களும் உண்டு. நீரில் கரையும் என்பதால் ஈரத் துணியே காட்டிக்கொடுத்துவிடும்.

யுரேனியத்துக்குப் பேர்போன ஷின்கொலொப்வே சுரங்கமும் இதே கட்டாங்காவில்தான் இருக்கிறது. கோர்னெட்டைட்டில் கதிரியக்கம் இல்லை. ஆனால் கலப்பாக வாங்கிய கட்டாங்காக் கற்களில் பச்சைச் செதில்கள் தென்பட்டால் அது டார்பர்னைட் என்ற யுரேனியக் கனிமமாக இருக்கலாம்; கதிர்வீச்சு அளவியால் பார்க்காமல் படுக்கையறை அலமாரியில் அடுக்க வேண்டாம்.

கடைசியாக, சீட்டு. பழைய கல்லோடு வரும் சீட்டில் 'எலிசபெத்வில்' என்றோ 'சயீர்' என்றோ இருக்கும். தவறென்று எண்ணிக் கிழித்துப் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். லுபும்பாஷிக்கு 1966 வரை எலிசபெத்வில் என்று பெயர். நாட்டுக்கு 1971 முதல் 1997 வரை சயீர் என்று பெயர். ஆக, கல் எந்தக் காலத்தில் கைமாறியது என்பதற்கு அந்தப் பழைய பெயரே தடயம். 'காங்கோ' என்று மட்டும் எழுதுவதும் போதாது. பிளான்ஷைட் முதலில் கிடைத்த மிந்தூலி இருப்பது பிரஸ்ஸாவில்லைத் தலைநகராகக் கொண்ட இன்னொரு காங்கோவில். புதுச் சீட்டில் நாடு, நகரம், சுரங்கம் மூன்றையும் எழுதி, பழையதை மடித்து அதன் அடியில் வையுங்கள்.