பில் திரும்பி வந்தால் இதைச் செய்யுங்கள்

மருத்துவச் செலவு பில்லுக்காகத் திருமங்கலத்திலிருந்து மதுரை அலுவலகத்துக்கு மூன்று முறை பஸ் ஏறினேன். முதல் முறை ஒரு கையெழுத்து இல்லை, அடுத்து அசல் ரசீது வேண்டும், அப்புறம் படிவமே பழையது. ஸ்டேப்ளர் பின் அடித்து அடித்துப் பில்லின் மூலையே கிழிந்துவிட்டது. குறைகளை ஒரே தடவையில் சொன்னால் என்ன!

எதைக் கொடுத்தாலும் இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். அலுவலகத்தின் தபால் பிரிவில் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் முத்திரையும் தேதியும் வாங்கிவிடுங்கள். ‘அப்புறம் வாங்க’ என்றாலும் நகராதீர்கள். பில்லைத் திருப்பினால் எல்லாக் குறைகளையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியது போதாது.

அப்படியும் அசையவில்லையா? தமிழக அரசு அலுவலகம் என்றால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ‘ஏன் தாமதம்?’ என்று கேட்டால் நழுவிவிடுவார்கள். ‘இன்ன தேதியில் கொடுத்த என் மனு எந்தத் தேதியிலிருந்து யாரிடம் இருக்கிறது? கோப்புக் குறிப்புகளின் நகல் தேவை’ என்று கேளுங்கள். எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும்.