அப்லேண்ட் பறவை வேட்டைக்கு ஏற்ற தோட்டாவைக் கட்டுப்படியாகும் விலையில் தேர்ந்தெடுப்பது எப்படி

அமெரிக்காவில் இலையுதிர் காலம் தொடங்கி வேட்டைப் பருவம் திறக்கும் நாட்களில், துப்பாக்கிக் கடை அலமாரியில் 12 கேஜ் தோட்டா மட்டுமே இருபது விதமான பெட்டிகளில் அடுக்கப்பட்டிருக்கும். எல்லாப் பெட்டியிலும் 25 தோட்டாக்கள்தான் என்றாலும், ஒன்றின் விலை இன்னொன்றின் விலையைப் போல் மூன்று மடங்காக இருப்பதும் உண்டு. புதிதாக வேட்டைக்குப் போகிறவர் மிக மலிவானதையோ, அட்டையில் பெரிய பறவைப் படம் போட்ட மிக விலையுயர்ந்ததையோ எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார். இரண்டுமே பணத்தை வீணாக்கும் வழிகள். காடை, க்ரௌஸ், சுக்கர் கவுதாரி, ஃபெசன்ட் என்று புல்வெளியிலும் புதர்க்காட்டிலும் வாழும் பறவைகளை அங்கே ‘அப்லேண்ட்’ பறவைகள் என்பார்கள். இவற்றில் எதற்கு நல்ல தோட்டா அவசியம், எதற்குச் சாதாரணத் தோட்டாவே போதும் என்று தெரிந்துகொண்டால் செலவு தானாகவே குறையும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குத் தடை இருப்பதால், இங்கே சொல்பவை அமெரிக்காவில் உரிமம் பெற்று வேட்டையாடுகிறவர்களுக்கு உரியவை.

விலையைப் பார்ப்பதற்கு முன்னால் துப்பாக்கியின் குழலைப் பாருங்கள். கேஜ் அளவும், தோட்டா அமரும் சேம்பரின் நீளமும் பெரும்பாலும் குழலின் பக்கவாட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். நம் ஊரில் ‘12 போர்’ என்று சொல்வதும் 12 கேஜும் ஒன்றுதான்: குழலின் உள்விட்டத்துக்குச் சமமான 12 ஈய உருண்டைகள் சேர்ந்து ஒரு பவுண்டு எடை வரும் என்பது அதன் பொருள். ஆகையால் எண் கூடக் கூடக் குழல் சிறுத்துக்கொண்டே போகும். 12 கேஜின் உள்விட்டம் 18.5 மில்லிமீட்டர், 20 கேஜின் உள்விட்டம் 15.6 மில்லிமீட்டர். சேம்பர் 2¾ அங்குலம் என்று இருந்தால் 3 அங்குலத் தோட்டாவை அதில் போடவே கூடாது. தோட்டாவின் நீளம் என்று பெட்டியில் இருப்பது, சுட்ட பிறகு அதன் மடிந்த வாய் முழுதாக விரிந்த நிலையில் உள்ள நீளம். எனவே சுடாத 3 அங்குலத் தோட்டா குட்டையான சேம்பருக்குள் சிரமமில்லாமல் நுழைந்துவிடும், ஆனால் சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் அபாயகரமாக ஏறும். ‘உள்ளே போகிறது, அதனால் பொருந்துகிறது’ என்ற கணக்கு இங்கே செல்லாது. பாட்டனார் காலத்து 16 கேஜ் துப்பாக்கிகளில் சில 2¾ அங்குலத்தை விடவும் குட்டையான சேம்பர் கொண்டவை என்பதால், பழைய துப்பாக்கியை ஒரு முறையாவது துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் காட்டி அளந்துகொள்வது நல்லது.

20 கேஜ் தோட்டாக்கள் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் வருவதற்கும் ஒரு காரணம் உண்டு. 20 கேஜ் தோட்டா 12 கேஜ் துப்பாக்கியில் தவறிப் போய்விட்டால் சேம்பரைத் தாண்டிச் சறுக்கிக் குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். சேம்பர் காலியாகத் தெரிவதால் அதன் பின்னால் 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துவிடும். வீட்டில் இரண்டு கேஜ் துப்பாக்கிகளும் இருந்தால், ஒரே அங்கியின் பையில் இரண்டையும் ஒருநாளும் கலக்காதீர்கள்.

அடுத்து, பெட்டியின் மேல் இருக்கும் எண்களைப் படிக்கப் பழக வேண்டும். தோட்டாவுக்குள் இருக்கும் சிறு உருண்டைகளான ரவையின் மொத்த எடை அவுன்ஸில் இருக்கும். ஒரு அவுன்ஸ் என்பது ஏறத்தாழ 28 கிராம். வேகம் விநாடிக்கு இத்தனை அடி என்று இருக்கும். சில பெட்டிகளில் ‘டிராம்’ என்றும் ஓர் எண் இருக்கும். அது கரும்பொடி என்ற பழைய வெடிமருந்து காலத்து அளவு, இன்றைய வெடிமருந்தின் எடையை அது காட்டுவதில்லை, வேகத்தை மறைமுகமாகச் சொல்கிறது, அவ்வளவுதான். தோட்டாவின் அடியில் இருக்கும் பித்தளைப் பட்டை உயரமாக இருந்தால் வீரியம் அதிகம் என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். இப்போது அது பெரும்பாலும் தோற்றம் மட்டுமே. அதற்காகக் கூடுதலாக ஒரு டாலரும் கொடுக்க வேண்டியதில்லை.

ரவையின் பருமன்தான் உண்மையான முடிவு எடுக்க வேண்டிய இடம். அமெரிக்க முறையில் எண் பெரிதானால் ரவை சிறிது. 17இலிருந்து ரவை எண்ணைக் கழித்தால் அதன் விட்டம் அங்குலத்தின் நூறில் எத்தனை பங்கு என்று கிடைக்கும்: 6ஆம் எண் ரவை 0.11 அங்குலம், 8ஆம் எண் 0.09 அங்குலம். ஒரு அவுன்ஸ் ஈயத்தில் 4ஆம் எண் ரவை ஏறக்குறைய 135 இருக்கும். 5ஆம் எண் 170, 6ஆம் எண் 225, 7½ஆம் எண் 350, 8ஆம் எண் 410. பெரிய ரவை ஆழமாகப் பாயும், ஆனால் எண்ணிக்கை குறைவு. சிறிய ரவை அடர்த்தியாகப் பரவும், ஆனால் தொலைவில் வலு இழக்கும். தேர்வு முழுவதும் இந்த இரண்டுக்கும் இடையில்தான் இருக்கிறது.

பாப்வைட் காடை 170 கிராம் அளவே உள்ள மெல்லிய பறவை; அது கிளம்புவதும் கிட்டத்தில்தான். அதற்கு 8ஆம் எண் ரவை ஒரு அவுன்ஸ் தாராளம். க்ரௌஸுக்கு, மரங்களில் இலை இருக்கும் பருவத் தொடக்கத்தில் 7½, இலை உதிர்ந்து பறவை எட்டத்திலேயே எழும்பத் தொடங்கிய பின் 6 என்று மாற்றிக்கொள்ளலாம். சுக்கர் கவுதாரி பாறைச் சரிவுகளில் தூரத்தில் பறக்கும் என்பதால் அதற்கும் 6ஆம் எண்ணையே நான் பரிந்துரைப்பேன். ஃபெசன்ட் சேவல் வேறு இனம் என்றே சொல்ல வேண்டும்: ஒரு கிலோவுக்கு மேல் எடை, நீண்ட வால், தடித்த இறகு, அடிபட்டு விழுந்த பிறகும் புல்லுக்குள் ஓடிப் பதுங்கும் உயிர்ப்பிடிப்பு. நாய் மோப்பம் பிடித்து நிறுத்திக் கிட்டத்தில் எழுப்பும் பறவைக்கு 6 போதும். பருவக் கடைசியில், மனிதக் காலடி கேட்டதுமே எழும்பிப் போகும் பறவைக்கு 5 அல்லது 4 வேண்டும். ஒரே ரவையோடு எல்லாப் பறவைக்கும் போக வேண்டும் என்றால் 6ஐ எடுங்கள்.

மலிவான ஃபெசன்ட் தோட்டாவுக்கும் விலை கூடிய தோட்டாவுக்கும் உள்ள வேறுபாடு ஈயத்தின் கடினத்தில் இருக்கிறது. ஈயத்தோடு ஆன்டிமனி சேர்த்தால் ரவை கெட்டியாகும். மலிவுத் தோட்டாக்களில் ஆன்டிமனி குறைவு. மென்மையான ரவை சுடும் வேகத்திலேயே ஒன்றோடொன்று நசுங்கி உருண்டை வடிவம் கெட்டு, பாதை விலகிப் போகிறது. அப்படி நசுங்கிய ரவையால் வீழ்த்திய பறவையை உரிக்கும்போது கண்ணால் பார்க்கலாம்: மார்புத் தோலில் சிறு துளை, துளைக்குள் ஈரமான இறகுக் கற்றை ஒன்று திரிபோல் உள்ளே இழுபட்டிருக்கும். அந்தத் திரியை நகத்தால் பிடித்து இழுத்தால் நுனியில் தட்டையான ரவையும் சேர்ந்து வரும். இறகை இழுத்துக்கொண்டு போனதால் அது ஆழமாகப் போகவில்லை என்பதும் விளங்கும். செம்பு அல்லது நிக்கல் முலாம் பூசிய கெட்டி ரவை வடிவம் குலையாமல் உள்ளே போகும். காயப்பட்டுத் தப்பி எங்கோ புதரில் சாகும் பறவையை நினைத்தால், ஃபெசன்ட் விஷயத்தில் இந்தக் கூடுதல் செலவை நான் தயங்காமல் செய்வேன்.

காடைக்கும் புறாவுக்கும் அந்தச் செலவு தேவையில்லை. களிமண் தட்டு சுடும் பயிற்சிக்கென்று விற்கும் தரமான டார்கெட் தோட்டாக்களில், போட்டியாளர்கள் சீரான பரவலை எதிர்பார்ப்பதால் கெட்டி ரவையே போடப்படுகிறது. வேகம் விநாடிக்கு 1,145 முதல் 1,200 அடி வரை இருக்கும், தோளில் உதையும் குறைவு. ‘காடைத் தோட்டா’ என்று படம் போட்டுப் பருவத்துக்குப் பருவம் தள்ளுபடியில் விற்பவற்றில் பலவற்றை விட இவை மேலானவை.

செலவைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரணத் தோட்டா பெட்டி 11 டாலர், கெட்டி ரவைத் தோட்டா பெட்டி 22 டாலர் என்று வைத்துக்கொண்டால், ஒரு தோட்டாவுக்கு வித்தியாசம் 44 சென்ட். ஒரு பருவத்தில் ஃபெசன்ட் மீது 40 தோட்டா சுடுகிறவருக்குக் கூடுதலாக ஆகும் செலவு 17 டாலர் 60 சென்ட்தான். கோடை முழுவதும் தட்டு சுட்டுப் பழக 250 தோட்டா செலவழிக்கிறவர் அதே நல்ல தோட்டாவைப் பயிற்சிக்கும் பயன்படுத்தினால் 110 டாலர் அதிகமாகும். சிக்கனம் செய்ய வேண்டிய இடம் பயிற்சிக் களம். பறவையின் முன்னால் அல்ல.

ஈயத்தைப் பயன்படுத்த எல்லா இடத்திலும் அனுமதி இல்லை என்பதை வாங்குவதற்கு முன்பே கவனிக்க வேண்டும். பறவைகள் தரையில் கிடக்கும் ஈய ரவையைச் சிறுகல் என்று விழுங்கி நஞ்சேறிச் சாவதால், நீர்ப்பறவை வேட்டைக்கு அமெரிக்கா முழுவதும் 1991 முதல் ஈயம் தடை செய்யப்பட்டது. கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயம் கூடாது. நீர்ப்பறவை உற்பத்திப் பகுதிகள் என்று மத்திய அரசு பராமரிக்கும் நிலங்களில், நீங்கள் ஃபெசன்டைத் தேடிப் போனாலும் நச்சற்ற ரவையை மட்டுமே கையில் வைத்திருக்க அனுமதி உண்டு. பொது நிலத்தில் வேட்டையாடுகிறவர் மாநில விதிப்புத்தகத்தை ஒவ்வோர் ஆண்டும் புரட்டிப் பார்க்க வேண்டும்.

நச்சற்றவற்றில் விலை குறைந்தது எஃகு. ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், எஃகின் அடர்த்தி 7.8 கிராம், எடை குறைவால் வேகம் சீக்கிரம் தணியும் என்பதால் இரண்டு எண் பெரிய ரவையை எடுக்க வேண்டும்: ஈயம் 6 என்றால் எஃகு 4, ஈயம் 5 என்றால் எஃகு 3. எஃகு நசுங்காததால் நெருக்கமாகவே போகும்; ஆகவே சோக், அதாவது ரவையின் பரவலைக் கட்டுப்படுத்தும் குழல் நுனிக் குறுக்கம், ஒரு படி தளர்வாக இருக்கட்டும். மெல்லிய குழல் கொண்ட பழைய துப்பாக்கியிலும், இறுக்கமான ஃபுல் சோக்கிலும் எஃகைச் சுட்டால் குழல் கெடும். அப்படிப்பட்ட துப்பாக்கிக்கு ஈயத்தைப் போலவே மென்மையான பிஸ்மத் ஏற்றது, ஆனால் விலை பல மடங்கு. டங்ஸ்டன் தோட்டா இந்தப் பறவைகளுக்கு அவசியமே இல்லை.

ரவையின் எடையைத் துப்பாக்கியின் எடையோடு பொருத்திப் பாருங்கள். ஆங்கிலேயத் துப்பாக்கித் தயாரிப்பாளர் கிரீனர் சொன்ன 96 விதி இன்றும் பயன்படும்: துப்பாக்கியின் எடை, ரவையின் மொத்த எடையைப் போல் 96 மடங்கு இருக்க வேண்டும். 6 பவுண்டு துப்பாக்கி என்றால் 96 அவுன்ஸ், அதாவது ரவை ஒரு அவுன்ஸ். 1¼ அவுன்ஸ் ரவைக்கு 7½ பவுண்டு துப்பாக்கி வேண்டும். இலேசான துப்பாக்கியில் கனத்த தோட்டாவைப் போட்டால் உதை தாங்காமல் அடுத்த முறை சுடும்போது கண் தானாக மூடிக்கொள்ளும். தானியங்கித் துப்பாக்கிகளில் சில மிக இலேசான தோட்டாவைச் சுட்டால் கூட்டை வெளியே தள்ளாமல் நின்றுவிடும் என்பதையும் முன்பே சோதித்துக்கொள்ளுங்கள்.

பொதியாக வாங்குவதற்கு முன், இரண்டு மூன்று விதத்தில் ஒவ்வொரு பெட்டி மட்டும் வாங்கி வந்து காகிதத்தில் சுட்டுப் பாருங்கள். நாலடிச் சதுரக் காகிதத்தை 40 கஜத்தில் நிறுத்தி, நடுவில் ஒரு புள்ளி வைத்து ஒரே ஒரு முறை சுட வேண்டும். துளைகள் அதிகம் விழுந்த இடத்தைச் சுற்றி 30 அங்குல வட்டம் போட்டு எண்ணுங்கள். நடுத்தர இறுக்கமுள்ள மாடிஃபைட் சோக்கில் ரவைகளில் 60 சதவீதமும், அதை விடத் தளர்வான இம்ப்ரூவ்டு சிலிண்டர் சோக்கில் 50 சதவீதமும் வட்டத்துக்குள் விழுவது வழக்கம். 6ஆம் எண் ரவை 1¼ அவுன்ஸ் என்றால் மொத்தம் 281. அதில் 168 அளவு உள்ளே வந்தால் மாடிஃபைட் சரியாக வேலை செய்கிறது. அதை விட முக்கியம், வட்டத்துக்குள் உள்ளங்கையை வைத்தால் ஒரு துளையும் தொடாத வெற்றிடங்கள் எத்தனை என்பது. காடை போன்ற கிட்டத்துப் பறவைக்கு 25 கஜத்திலும் இதையே செய்து பாருங்கள். ஒவ்வொரு தோட்டாவுக்கும் மூன்று காகிதமாவது தேவை. ஒரே காகிதத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். ஒரே எடை, ஒரே எண் கொண்ட இரண்டு தோட்டாக்கள் ஒரே குழலில் வெவ்வேறாகப் பரவுவதை இந்தக் காகிதம்தான் காட்டும்; மலிவானது விலையுயர்ந்ததை வெல்வதும் சில துப்பாக்கிகளில் நடக்கிறது.

எது ஒத்துப்போகிறது என்று தெரிந்த பிறகு 250 தோட்டா கொண்ட பொதியாக வாங்குங்கள். பருவம் முடிந்து கடைகள் இருப்பைக் கழிக்கும் குளிர்கால இறுதிதான் வாங்க நல்ல வேளை. 28 கேஜ், 16 கேஜ் வைத்திருப்பவர்களுக்கு, அவை குறைவாகவே தயாராவதால் ரவை குறைந்தும் விலை கூடுதல். சுட்ட கூடுகளைச் சேர்த்து மறுபடி நிரப்பும் கருவி அவர்களுக்குத்தான் உண்மையில் பணத்தை மீட்டுத் தரும். பொதியை ஈரமும் வெக்கையும் படாத அலமாரியில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். பருவத்தின் முதல் நாள் காலையில் அங்கிப் பைகள் எல்லாவற்றையும் மேசையில் கவிழ்த்துக் கொட்டி, சென்ற ஆண்டு மிஞ்சிய தோட்டாக்களைக் கேஜ், எண் பார்த்துப் பிரித்து, அன்றைய பறவைக்கு உரியதை மட்டும் திரும்பப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.