சோபாவுக்கு மேல் படம் மாட்டுவது: அளவும் ஆணியும்

மதுரைப் பக்கத்துப் பழைய வீடுகளில் படங்களை நிலைக்கு மேலே, முன்னால் சாய்த்துத் தொங்கவிடுவார்கள். சாமி படமும் மாலை போட்ட தாத்தா படமும் அங்கேயே இருக்கட்டும். ரசிக்க மாட்டும் படங்களைக் கீழே இறக்குங்கள்: தொகுப்பின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 அங்குலம் இருந்தால் போதும்.

மூன்று படங்களை வைத்துப் பார்ப்போம். நாயக்கர் மகால் தூண்கள், 18க்கு 24 அங்குலம், நிற்கும் சட்டம். யானைமலையும் தெப்பக்குளமும் தலா 16 அகலம், 11 உயரம், படுத்த சட்டம். சிறிய இரண்டையும் 2 அங்குல இடைவெளியில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் 24 வந்துவிடும், பெரியதற்குச் சமம். பெரியதற்கும் இவற்றுக்கும் நடுவேயும் 2 அங்குலம் விட்டால் மொத்த அகலம் 36 அங்குலம். நாலரை அடி சோபாவுக்கு இது சரியான அளவு, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. சோபா முதுகுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு சாணுக்கு மேல் விட்டால் படங்கள் சோபாவோடு ஒட்டாமல் தனியாகத் தெரியும்.

முதலில் தரையில் அடுக்கிப் பாருங்கள். கருமையான படங்கள் எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்தால், அளவு சரியாக இருந்தாலும் அந்தப் பக்கம் கனத்துத் தெரியும். மகால் படம் இருட்டாக இருந்தால் யானைமலைப் படத்தில் பாறை நிழல் அழுத்தமாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

பிறகு ஒவ்வொரு சட்டத்தின் அளவுக்கும் செய்தித்தாளை வெட்டுங்கள். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். சட்டத்தின் பின்கம்பியை நடுவில் விரலால் மேலே இழுத்துப் பிடித்து, அங்கிருந்து மேல் விளிம்பு வரை அளங்கள். 3 அங்குலம் என்றால் தாளிலும் மேலிருந்து 3 அங்குலத்தில் புள்ளி வையுங்கள். தாள்களைச் சுவரில் ஒட்டி, ரசமட்டம் பார்த்து, நாலடி தள்ளி நின்று பாருங்கள். திருப்தியானால் தாளின் மேலேயே துளையிடலாம்.

வெறும் ஆணி அடித்தால் பூச்சை மட்டுமே பிடிக்கும், கண்ணாடிப் படத்தின் கனத்தில் கழன்றுவிடும். 6 மி.மீ. டிரில் பிட்டால் ஒன்றரை அங்குலம் துளைத்து, பிளக் (திருகாணியை இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் உறை) செருகி, திருகாணி போடுங்கள். மாசி வீதிப் பக்கத்துச் சுண்ணாம்புக் காரைச் சுவர் பொடிந்து துளை பெரிதாகலாம். டிரில்லின் ஹாமர் முறையை (இடித்துத் துளைப்பதை) அணைத்துவிட்டு மெதுவாகத் துளையுங்கள், அப்படியும் ஆடினால் 8 மி.மீ. பிளக். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே மட்டும் கை வைக்காதீர்கள், உள்ளே ஒயர் குழாய் ஏறும்.

படம் அடிக்கடி கோணினால் ஒரு திருகாணிக்குப் பதில் ஒரே மட்டத்தில் இரண்டு போட்டுக் கம்பியை மாட்டுங்கள். மேற்கு வெயில் நேராக விழும் சுவரில் எதை மாட்டினாலும் சாயம் வெளுக்கும்.