மண்ணில் தாமிர மாசு: அளவிடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்சின் போர்தோ பகுதித் திராட்சைத் தோட்டங்களைத் தாக்கிய அடிச்சாம்பல் நோய்க்கு, மயில்துத்தமும் (தாமிர சல்பேட்) சுண்ணாம்பும் கலந்த கரைசல் மருந்தாகும் என்று தாவரவியலாளர் மில்லார்தே 1885இல் அறிவித்தார். நம் விவசாயிகளும் அறிந்த போர்டோ கலவை இதுதான். தாமிரம் சிதைந்து மறையும் பொருள் அல்ல என்பதால், தெளித்ததில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே தங்கிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேல்மண்ணில் சராசரியாகக் கிலோவுக்கு 17 மில்லிகிராம் அளவில் உள்ள தாமிரம், திராட்சைத் தோட்டங்களில் 49 மில்லிகிராமாக இருக்கிறது. பழைய தோட்டங்கள் சிலவற்றில் இது 200ஐயும் தாண்டும்.

இந்த மொத்த அளவையே நச்சின் அளவாகக் கொள்வதுதான் முதல் தவறு. மண்ணிலுள்ள தாமிரத்தின் பெரும்பகுதி மட்கு, களிமண், இரும்பு ஆக்சைடுகள் ஆகியவற்றோடு இறுகப் பிணைந்திருக்க, வேரும் நுண்ணுயிரும் எதிர்கொள்வது மண்நீரில் கரைந்துள்ள சிறு பகுதியை, குறிப்பாகத் தனி அயனியாக உள்ள தாமிரத்தை மட்டுமே. ஆகவே மட்கு குறைந்த அமில மணலில் 100 மில்லிகிராம் செய்யும் கேட்டை, சுண்ணாம்பு மிகுந்த களிமண்ணில் 300 மில்லிகிராம் செய்யாமல் போகலாம். கார அமிலநிலையும் மட்கின் அளவும் தராத ஆய்வறிக்கையை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வராமல் இருப்பதே நல்லது.

மொத்த அளவுக்கு மாற்றாக, மண்ணிலுள்ள உலோகங்களைப் பிணைத்துப் பிரித்தெடுக்கும் டி.டி.பி.ஏ. என்ற வேதிப்பொருளின் கரைசலை எல்லா மண்ணுக்கும் பயன்படுத்துவதும் பொருந்தாது. மண்ணியலாளர்கள் லிண்ட்சேயும் நார்வெலும் 1978இல் வெளியிட்ட அந்த முறை, நடுநிலையான அல்லது சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் நுண்ணூட்டப் பற்றாக்குறையைக் கண்டறிய உருவானது. மாசைக் கணிக்க அன்று. நம் மண் பரிசோதனை நிலையங்களிலும் நுண்ணூட்டங்களுக்கு இதுவே வழக்கில் இருப்பதால், இதை நினைவில் கொள்வது அவசியம். எளிதில் கரையும் பகுதியை அறிய நீர்த்த கால்சியம் குளோரைடு கரைசலே ஏற்றது.

ஆய்வகத்தில் தாமிர உப்பைப் புதிதாகக் கலந்து, உடனே மண்புழுவை விட்டுப் பார்த்து, அம்முடிவை அப்படியே வயலுக்குப் பொருத்துவதும் பிழை. உப்பைச் சேர்த்ததும் மண்ணின் அமிலத்தன்மை கூடுகிறது. பல ஆண்டுகளாக மண்ணோடு இறுகிய தாமிரத்தைவிடப் புதுத் தாமிரம் உயிர்களுக்கு எளிதில் கிடைக்கிறது.

திராட்சைக் கொடி பசுமையாக இருப்பதால் மண்ணில் குறையில்லை என்று கருதுவோரும் உண்டு. முதிர்ந்த கொடியின் வேர்கள் மாசு படிந்த அடுக்குக்கும் கீழே ஆழ்ந்திருப்பதால், பாதிப்பு கொடியில் தெரிவதில்லை. கொடிகளை அகற்றிவிட்டுக் கோதுமை விதைத்த தென்பிரான்சு வயல்களில், அந்த மேல்மண்ணிலேயே வேரூன்றிய பயிரில்தான் நச்சுத்தன்மை வெளிப்பட்டது. இலையைச் சோதிப்பதும் போதாது. செடி தாமிரத்தைப் பெரும்பாலும் வேரிலேயே தேக்கிக்கொள்ளும், இலையில் காணப்படுவது தெளிப்பின் எச்சமாகவும் இருக்கலாம்.

அமில மண்ணுக்குச் சுண்ணாம்பு இடுவது பயன்தரும். ஆனால் அது தாமிரத்தை அடக்கி வைக்குமே தவிர அகற்றாது. மண் மீண்டும் அமிலமானால் தாமிரமும் மீண்டும் கரையும். ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோ தாமிரம் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்துள்ள வரம்பும், இனிச் சேரப்போவதை மட்டுமே கட்டுப்படுத்துகிறது.